பெர்லின் வானவில் ஊர்வலத்துக்குச் செல்வது எப்படி: ஒருமுறை தவறவிட்டவனின் வழிகாட்டி

2024 ஜூலை 27, சனிக்கிழமை, பெர்லின் நகரத் தெருக்களில் லட்சக்கணக்கானோர் வானவில் கொடிகளுடன் நடந்துகொண்டிருந்த வேளையில், நான் மதுரையில் வீட்டு வாசலில் கூரியர்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். பாஸ்போர்ட் அனுப்பப்பட்டுவிட்டது என்று குறுஞ்செய்தி வந்திருந்தது. அது கைக்கு வந்தது திங்கட்கிழமை. உள்ளே விசா இருந்தது. ஆனால் விமானம் போய்விட்டது, ஊர்வலம் முடிந்துவிட்டது, திரும்பப் பெற முடியாத டிக்கெட்டுக்குக் கொடுத்த அறுபத்து இரண்டாயிரம் ரூபாயும் போய்விட்டது. மறு ஆண்டு, அதாவது 2025இல், அதே பயணத்தை ஒழுங்காகத் திட்டமிட்டுச் சென்று வந்தேன். இரண்டு முயற்சிகளுக்கும் இடையில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து முதன்முறையாக இத்தகைய விழாவுக்குப் புறப்படும் தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர், அவர்களுடன் செல்லும் நண்பர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது இது. கொழும்பிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கும் விசா கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் கீழே சொல்லும் அதே அளவுதான்.

1. நாளை உறுதி செய்துகொள்ளுங்கள்

பெர்லினில் இந்த ஊர்வலத்தின் பெயர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரீட் டே. உள்ளூரில் யாரும் முழுப்பெயரைச் சொல்வதில்லை. மூன்று எழுத்துகளாகச் சுருக்கி, "த்ஸே எஸ் டே" என்பார்கள். வழி கேட்கும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் உடனே புரிந்துகொள்வார்கள். அண்மைய ஆண்டுகளில் இது ஜூலை மாதத்தின் நான்காம் சனிக்கிழமையில் நடந்து வருகிறது. அமைப்பாளர்கள் நாளை அதிகாரபூர்வமாக அறிவித்த பிறகே மற்ற ஏற்பாடுகளில் இறங்குங்கள். சென்னையில் 2009 முதல் ஜூன் மாதத்தில் நடக்கும் வானவில் சுயமரியாதை ஊர்வலத்தை வைத்து, எல்லா ஊர்களிலும் ஜூனில்தான் நடக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஜெர்மனியிலேயே ஊருக்கு ஊர் நாள் மாறும்.

ஒரு வாரம் முன்கூட்டியே செல்ல முடிந்தால், அதற்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் நோலன்டார்ஃப்பிளாட்ஸ் அருகே மோட்ஸ் தெருவில் நடக்கும் தெருத் திருவிழாவையும் பார்த்துவிடலாம். முதன்முறையாக வரும் ஒருவருக்கு ஊர்வலத்தைவிட இந்தத் திருவிழாவே இணக்கமாக இருக்கும் என்பது என் கருத்து. சங்கங்கள், மருத்துவ ஆலோசனைக் குழுக்கள், விளையாட்டுக் கழகங்கள் எல்லாம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நின்று பேசலாம், கேள்வி கேட்கலாம். ஊர்வலத்தில் அதற்கு வாய்ப்பே இல்லை, அவ்வளவு சத்தம்.

ஊர்வலத்தில் நடப்பதற்கு நுழைவுச்சீட்டு கிடையாது, பதிவும் கிடையாது. சட்டப்படி அது ஓர் அரசியல் பேரணி, ஆகவே யாரும் வந்து சேர்ந்துகொள்ளலாம். "பெர்லின் பிரைட் டிக்கெட்" என்று இணையத்தில் விற்கப்படுபவை பெரும்பாலும் இரவு விருந்துகளுக்கானவை. அவற்றை வாங்கினால்தான் ஊர்வலத்தில் விடுவார்கள் என்று நினைத்துப் பணம் கட்டியவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

2. விசா வேலையை பிப்ரவரியிலேயே தொடங்குங்கள்

நான் 2024இல் தோற்றது இந்த இடத்தில்தான். ஜெர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு பதினைந்து நாள். முடிவெடுக்க அவர்களுக்குப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. கூடுதல் பரிசீலனை தேவைப்பட்டால் அது நாற்பத்தைந்து நாள் வரை நீளலாம். "பதினைந்து நாள்தானே" என்று எண்ணி ஜூன் கடைசியில் விண்ணப்பித்தேன். கோடை விடுமுறைக்கு ஐரோப்பா செல்லும் அத்தனை குடும்பங்களும் அதே மாதத்தில்தான் வரிசையில் நிற்கின்றன என்பதை யோசிக்கவில்லை.

விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே இன்னொரு வரிசை இருக்கிறது: விண்ணப்ப மையத்தில் நேரம் பெறுவது. ஏப்ரல், மே மாதங்களில் காலியான நேரங்கள் கிடைப்பது அரிது. இதைப் பயன்படுத்தி, "நேரம் எடுத்துத் தருகிறோம்" என்று மூவாயிரம், ஐயாயிரம் கேட்கும் தரகர்கள் உண்டு. அவர்களிடம் போக வேண்டாம். காலையிலும் நள்ளிரவிலும் நீங்களே பக்கத்தைத் திறந்து பார்த்துவந்தால், யாராவது ரத்து செய்த நேரம் சில நாட்களில் அகப்படும். எனக்கு ஒன்பதாம் நாள் அகப்பட்டது. இரண்டாம் முறை பிப்ரவரியில் நேரம் பிடித்து, மார்ச்சில் ஆவணங்களைத் தயாரித்து, ஏப்ரல் முதல் வாரம் சென்னைக்கு இரவுப் பேருந்தில் சென்று விண்ணப்பத்தைக் கொடுத்தேன். மே மாதம் பிறக்கும் முன்பே பாஸ்போர்ட் திரும்பிவிட்டது.

எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதற்கு விதி உண்டு: அதிக இரவுகள் தங்கும் நாடு எதுவோ அதனிடம்தான். பெர்லினில் நான்கு இரவு, பாரிஸில் ஆறு இரவு என்று திட்டமிட்டால் பிரான்ஸிடம் விண்ணப்பிக்க வேண்டும். நேரம் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக வேறொரு நாட்டின் வழியாக விசா எடுத்துக்கொண்டு பெர்லினிலேயே முழு நாளும் தங்குவது நல்லதல்ல. எல்லையிலோ அடுத்த விண்ணப்பத்திலோ கேள்வி வரும்.

கட்டணம் 90 யூரோ. 2024 ஜூன் 11 முதல் இதுதான். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் கூரியர் கட்டணமும் தனி. விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்பக் கிடைக்காது. மறுப்பை எதிர்த்துத் தூதரகத்திடமே மேல்முறையீட்டுக் கடிதம் எழுதும் வழியை ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டது. இனி மறுபடியும் புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லினில் நீதிமன்றத்துக்குப் போகலாம். நம்மைப் போன்றவர்களுக்கு நடைமுறையில் முதலாவது வழிதான் உண்டு. ஆகவே மறு விண்ணப்பத்துக்கும் நேரம் மிஞ்சும்படி முதல் விண்ணப்பத்தைக் கொடுங்கள்.

3. ஆவணங்கள்: என்ன வேண்டும், யார் கண்ணில் படும்

பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியிலிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். ஜெர்மனிக்கான படிவத்தை இணையத்தில் நிரப்பி அச்சிட்டுக் கையெழுத்திட வேண்டும். 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புகைப்படம், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், தங்குமிட முன்பதிவு, விமான முன்பதிவு, பயணக் காப்பீடு, பயண நோக்கத்தை விளக்கும் கடிதம் ஆகியவை உடன் செல்லும்.

இவற்றில் பலரும் சறுக்கும் இடங்கள் உண்டு. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பொருந்த வேண்டும். இந்தியாவிலிருந்து கிளம்பும் தேதியும் அங்கே இறங்கும் தேதியும் வேறாக இருப்பதை மறந்து, ஒரு நாள் குறைவாக வாங்கிவிடுவது வழக்கமான தவறு. முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்தே வாங்குங்கள். கூடுதல் செலவு மிகச் சொற்பம். வங்கிக் கணக்கில் கடைசி வாரத்தில் நண்பரிடம் வாங்கிய இரண்டு லட்சத்தைப் போட்டு அறிக்கை எடுப்பது இன்னொரு தவறு. எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாத பெருந்தொகை, பணம் குறைவாக இருப்பதைவிட அதிகச் சந்தேகத்தைக் கிளப்பும். துணையுடன் செல்பவர்கள் அறை முன்பதிவில் இருவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்; ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் மற்றவருக்குத் தங்குமிடச் சான்றே இல்லை என்று ஆகிவிடும். இருவரும் தனித்தனியாக முழு ஆவணங்களையும் கொடுக்க வேண்டும். திருநர்கள் படிவம், டிக்கெட், காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையும் பாலினக் குறியீட்டையுமே எழுத வேண்டியிருக்கும். நாம் விரும்பும் பெயர் அதுவல்ல என்றாலும், இந்த ஒரு இடத்தில் மாற்றி எழுதினால் விமான நிலையத்தில்தான் தொல்லை.

இனி, எந்த வழிகாட்டியிலும் நான் பார்க்காத ஒரு செய்தி. விளக்கக் கடிதத்தில் ஊர்வலத்தைக் குறிப்பிடலாமா? குறிப்பிடுவதால் விசாவுக்குப் பாதகம் இல்லை. அதிகாரி பார்ப்பது நீங்கள் திரும்பி வருவீர்களா என்பதைத்தான். ஆனால் அந்தக் கடிதம் தூதரக அதிகாரியின் மேசைக்குப் போகும் முன், மையத்தின் முகப்பில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்க்காரர் கையால் ஒவ்வொரு தாளாகப் புரட்டப்படும். முதல் முறை நான் எழுதியதை அந்த இளைஞர் வரிவரியாகப் படித்து, நிமிர்ந்து என்னைப் பார்த்து, மறுபடியும் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் காதெல்லாம் சூடேறியது. இரண்டாம் முறை "பெர்லின் நகரச் சுற்றுலா, அருங்காட்சியகங்கள், ஜூலை இறுதியில் நடைபெறும் பொது விழாக்கள்" என்று எழுதினேன். அது முழுக்க உண்மை. தேவையான அளவுக்கு மட்டும் சொன்ன உண்மை. பொய்யான காரணம் எழுதக் கூடாது; ஆனால் சுற்றுலாவுக்குச் செல்பவர் தம் வாழ்க்கையை விவரிக்கும் கடமையும் இல்லை. அலுவலகத்தில் வாங்கும் கடிதத்திலும் "சொந்தப் பயணம்" என்ற இரண்டு சொல் போதும்.

வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் கூரியரையும் யோசித்துவையுங்கள். பாஸ்போர்ட் வீட்டு முகவரிக்கு வரும்போது யார் கதவைத் திறப்பார், குறுஞ்செய்தி யாருடைய கைபேசி எண்ணுக்குப் போகும் என்பதை விண்ணப்பத்தை நிரப்பும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

விசா கிடைத்ததும் அதிலுள்ள நாட்களைப் படியுங்கள். "இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை" என்பது ஒன்று, "இத்தனை நாள் தங்கலாம்" என்பது வேறொன்று. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும்.

4. விமானம்

சென்னையிலிருந்து பெர்லினுக்கு நேரடி விமானம் இல்லை. பிராங்க்ஃபர்ட் வரை நேரடியாகச் சென்று அங்கிருந்து ரயிலில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பயணம் செய்யலாம், அல்லது வளைகுடா நாடுகளில் விமானம் மாறலாம். விசா கைக்கு வருவதற்கு முன் ரத்து செய்ய முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பதிவுச் சான்று போதும். நான் 2025இல் கொடுத்தது எழுபத்தோராயிரம். முதல் ஆண்டைவிட அதிகம்தான்.

வளைகுடா வழியாகச் செல்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கத்தாரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தன்பாலுறவு சட்டப்படி குற்றம். விமானம் மாறும் சில மணி நேரத்தில் யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை என்றாலும், வானவில் கொடி, கைப்பட்டை, சட்டையில் குத்தும் பொத்தான் போன்றவற்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. பெர்லினில் அவை ஒவ்வொரு முக்கிலும் கிடைக்கும். சில சங்கங்கள் இலவசமாகவே தரும். மருந்து சாப்பிடுபவர்கள், குறிப்பாக எச்.ஐ.வி. தடுப்பு மருந்தோ ஹார்மோன் மருந்தோ எடுப்பவர்கள், அதை அசல் பெட்டியிலேயே மருத்துவச் சீட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லையில் பாஸ்போர்ட் சரிபார்ப்பவர் எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பார். தங்குமிடம், திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்திருங்கள். கைபேசியில் மட்டும் வைத்திருந்து, அது அணைந்துபோய்த் திணறிய ஒருவருக்குப் பின்னால் நான் நாற்பது நிமிடம் நின்றேன். 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய புதிய நுழைவு முறையில் எல்லையிலேயே முகப்படம் எடுத்துப் பதிவு செய்கிறார்கள். முதல் நுழைவுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால், அடுத்த விமானத்துக்கோ ரயிலுக்கோ இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள்.

5. தங்குமிடம்

ஊர்வல வாரத்தில் நோலன்டார்ஃப்பிளாட்ஸைச் சுற்றியுள்ள ஷோனபெர்க் பகுதியில் அறை கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் விலை இரட்டிப்பு. அந்தப் பகுதியிலேயே தங்கியாக வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. நகர ரயில் வசதி உள்ள வெட்டிங், லிஷ்டன்பெர்க் போன்ற பகுதிகளில் தங்கினால் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். பிப்ரவரியில், ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகச் செய்யுங்கள். எட்டுப் படுக்கைகள் கொண்ட பொது அறையில் ஒரு படுக்கைக்கு நான் கொடுத்தது ஓர் இரவுக்கு 42 யூரோ. இதற்கு மேல் 2025 தொடக்கத்திலிருந்து நகர வரி 7.5 விழுக்காடு உண்டு. இணையத்தில் காட்டும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ ஒரே கட்டில் உள்ள அறை கேட்டால் வரவேற்பு மேசையில் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. நம் ஊர் விடுதிகளில் பழகிய உடல் தானாகவே ஒரு விளக்கத்தைத் தயார் செய்யும். சாவியை வாங்கிக்கொண்டு போகலாம்.

6. நகரப் பயணமும் பணமும்

பெர்லினில் பயணக் கட்டணம் ஏ, பி, சி என்று மூன்று வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. விமான நிலையம் சி வட்டத்தில் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் இயந்திரத்தில் முதலில் தெரியும் ஏபி டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஏறி, பரிசோதகரிடம் அகப்பட்டு 60 யூரோ அபராதம் கட்டுவது அன்றாட நிகழ்ச்சி. 2025இல் ஏபி ஒருமுறைப் பயணம் 3.80 யூரோ, ஏபிசி 4.70 யூரோ, இந்தத் தொண்ணூறு காசைப் பார்க்காதீர்கள். விலை ஆண்டுதோறும் ஏறுகிறது. தாள் டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது. நடைமேடையில் உள்ள சிறு பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் பரிசோதகருக்கு ஒன்றே.

ஜெர்மனி முழுவதும் செல்லும் மாதாந்தர டிக்கெட் 2025இல் 58 யூரோவாக இருந்தது. 2026 ஜனவரியில் 63 ஆனது. மலிவாகத் தோன்றும், மலிவுதான். ஆனால் அது சந்தா. நிறுத்துவதாக இருந்தால் அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். நான் ஜூலை 18ஆம் தேதி ஒரு செயலியில் வாங்கினேன். பத்தாம் தேதி ஏற்கெனவே கடந்துவிட்டதால் ஆகஸ்ட் மாதத்துக்கும் பணம் பிடித்துவிட்டார்கள். அப்போது நான் மதுரையில் இருந்தேன். பத்து நாள் பயணத்துக்கு இது வேண்டாம். ஒரு நாள், ஏழு நாள் டிக்கெட்டுகளே போதும்.

நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். பணம் எடுக்கும் இயந்திரம் "ரூபாயில் கணக்கிடவா, யூரோவிலா" என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள்; ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் வைத்ததுதான் விலை. அட்டை வாங்காத சிறு கடைகள் பெர்லினில் இன்னும் உண்டு என்பதால் நூறு யூரோ ரொக்கமும், கழிப்பறைகளுக்காக ஐம்பது செண்ட் நாணயங்களும் வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் மூடியிருக்கும். ஊர்வலத்துக்கு மறுநாள் களைத்துக் கிடக்கும்போது சாப்பிட ஒன்றுமில்லாமல் போகும்; சனிக்கிழமை காலையிலேயே ரொட்டி, பழம், தயிர் வாங்கி வைத்துவிடுங்கள்.

ஒன்பது இரவுகளுக்கு விமானம், விசா, காப்பீடு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு அருகில் ஆயிற்று. ஒரு யூரோ அப்போது நூறு ரூபாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. மது அருந்துபவர்களும் இரவு விருந்துகளுக்குச் செல்பவர்களும் இன்னும் முப்பதாயிரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

7. ஊர்வல நாள்

அண்மைய ஆண்டுகளில் ஊர்வலம் லைப்சிக் தெருவில் நண்பகல் வாக்கில் தொடங்கி, போட்ஸ்டாமர் பிளாட்ஸ், நோலன்டார்ஃப்பிளாட்ஸ், வெற்றித் தூண் வழியாகப் பிராண்டன்பர்க் வாயிலில் முடிந்திருக்கிறது. அந்தந்த ஆண்டின் பாதையை முந்தைய வாரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீளம் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். நடை என்னவோ தேர் அசைவதுபோலத்தான். ஒலிபெருக்கி கட்டிய எழுபது, எண்பது லாரிகள் ஊர்ந்து செல்ல, அவற்றுக்கு முன்னும் பின்னும் ஆட்டமும் பாட்டமுமாகக் கூட்டம் நகரும். தொடக்க இடத்துக்குப் பதினொரு மணிக்கே போய் நிற்பதால் பயனில்லை. மேடைப் பேச்சும் காத்திருப்பும்தான்.

நோலன்டார்ஃப்பிளாட்ஸில் போய் நில்லுங்கள் என்பேன். ஊ1, ஊ2, ஊ3, ஊ4 ஆகிய நான்கு சுரங்க ரயில் தடங்களும் அங்கே நிற்கின்றன. நிலையத்தின் வெளிச்சுவரில், நாஜிகளால் கொல்லப்பட்ட தன்பாலீர்ப்பாளர்களின் நினைவாக இளஞ்சிவப்பு முக்கோண வடிவில் ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கிறது. கூட்டம் வருவதற்கு முன் பார்த்துவிடுங்கள். அந்தப் பகுதியிலேயே வாழ்ந்து முதியவர்கள் ஆனவர்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் பக்கத்தில் எழுபது வயதைக் கடந்த இரண்டு ஆண்கள் மடக்கு நாற்காலிகளில் அமர்ந்து, ஒரு பிளாஸ்க்கிலிருந்து ஒரே மூடியில் காப்பியை மாறி மாறிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கால்மீது மற்றவர் ஒரு போர்வையை இழுத்து விட்டார், பேச்சை நிறுத்தாமலேயே. இவ்வளவு செலவழித்து நான் எதைப் பார்க்க வந்தேனோ, அது அங்கேயே கிடைத்துவிட்டது என்று அப்போது தோன்றியது. பிறகு எழுந்து ஏதோ ஒரு லாரியின் பின்னால் சேர்ந்துகொண்டேன். எந்த லாரியின் பின்னாலும் சேரலாம். லாரியின் மேலே ஏறுவதற்குத்தான் முன்கூட்டிய அனுமதி வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை குறைவு. பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு நகலை வைத்துக்கொள்வதா, கையிலேயே வைத்துக்கொள்வதா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நான் உள்சட்டைப் பையில் அசலையே வைத்திருந்தேன். பழகிய செருப்பு வேண்டாம், மூடிய காலணி அணியுங்கள். தெருவில் உடைந்த கண்ணாடி கிடக்கும். லாரி ஒலிபெருக்கிகள் நம் ஊர்த் திருவிழாக் குழாய்களைத் தோற்கடிக்கும் என்பதால், மருந்துக் கடையில் இரண்டு யூரோவுக்குக் கிடைக்கும் காதடைப்பான் வாங்குங்கள். வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்து மெல்லிய மழைச்சட்டை ஒன்று. தண்ணீர்ப் பாட்டில். உடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்; இறகும் தோலும் மினுக்கும் அணிந்தவர்கள்தான் புகைப்படங்களில் வருவார்கள், ஆனால் கூட்டத்தில் பாதிக்கு மேல் சாதாரண சட்டை அணிந்தவர்களே. நான் வேட்டி கட்டிக்கொண்டு போனேன். அழகாக இருந்தது என்று பலர் சொன்னார்கள். ஏழு கிலோமீட்டரில் மூன்று முறை அவிழ்ந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். பெல்ட் போடுங்கள்.

கூட்டத்தில் கைபேசி இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படும். உடன் வருபவர்களுடன் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெற்றித் தூணின் அடியில் என்று சொல்லாதீர்கள். பத்தாயிரம் பேர் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஏதாவது ஒரு தெருமுனையில் உள்ள மருந்துக் கடை போன்ற சிறிய அடையாளம் நல்லது.

காலிப் பாட்டிலையும் குவளையையும் குப்பைத் தொட்டிக்குள் வீசாதீர்கள். ஜெர்மனியில் பாட்டிலுக்கு வைப்புத் தொகை உண்டு: பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 செண்ட், பீர்ப் பாட்டிலுக்கு 8 செண்ட். அவற்றைச் சேகரித்து வாழ்பவர்கள் கூட்டத்தின் ஓரமாகத் தள்ளுவண்டியுடன் வருவார்கள். தொட்டியின் அருகே நிமிர்த்தி வைத்துவிட்டால் எடுத்துக்கொள்வார்கள்.

8. புகைப்படம்

வீட்டில் சொல்லாமல் வருபவர்கள் இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள். ஜெர்மானியச் சட்டம் பொதுவாக ஒருவரின் படத்தை அவர் அனுமதியின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆனால் பேரணி, ஊர்வலம் போன்றவற்றின் படங்களுக்கு அதில் விலக்கு உண்டு. அதாவது ஊர்வலக் காட்சியில் உங்கள் முகம் நாளிதழில் வந்தால் புகார் செய்யப் பெரும்பாலும் இடமிருக்காது. தொலைக்காட்சிக் கேமராக்கள் பெரும்பாலும் வெற்றித் தூண் அருகிலும் பிராண்டன்பர்க் வாயில் மேடை முன்பும் இருக்கும். முகம் வெளியில் தெரியக் கூடாது என்பவர்கள் அந்த இரு இடங்களைத் தவிர்த்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் அணிந்து பாதையின் நடுப்பகுதியில் நடக்கலாம். முகத்தை முழுதும் மறைக்கும் முகமூடி வேண்டாம். பேரணியில் அடையாளத்தை மறைப்பதற்கு அங்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு.

நாம் எடுக்கும் படத்திலும் கவனம் வேண்டும். போட்ஸ்டாமர் பிளாட்ஸில் நான் கொடியோடு தற்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல் கேட்டது. ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த ஈழத்து இளம்பெண். தோழியின் கையைப் பிடித்திருந்தாள். "அண்ணா, படம் போடேக்க எங்கட முகம் தெரியாமப் பாருங்கோ. வீட்டில இன்னும் சொல்லேல்ல" என்றாள். அங்கேயே அவள் கண்முன் அழித்துக் காட்டினேன். பிறகு கால் மணி நேரம் மூவரும் பேசிக்கொண்டே நடந்தோம். சமூக ஊடகத்தில் ஏற்றும் முன் பின்னணியில் இருப்பவர்களைப் பாருங்கள், குறிப்பாக நம் முகச்சாயல் உள்ளவர்களை. கைபேசிப் படங்கள் குடும்பத்தினர் பார்க்கும் பொதுச் சேமிப்பில் தானாக ஏறுகிறதா என்பதையும் கிளம்பும் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

அரைகுறை ஆடையில் வருபவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதும், தொடுவதும் அங்கே மிகுந்த மரியாதைக் குறைவு. விழா என்பதால் எல்லாம் செல்லும் என்று நினைத்துத் திட்டு வாங்கிய நம் நாட்டவர் இருவரைப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது.

9. இரவில் திரும்புதல்

ஜூலையில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் பொழுது சாயும் என்பதால் நேரம் போவது தெரியாது. பிராண்டன்பர்க் வாயில் நிலையம் நிரம்பி வழியும்; பதினைந்து நிமிடம் நடந்து அடுத்த நிலையத்தில் ஏறுங்கள். பகலில் கூட்டத்தோடு நடக்கும்போது இருக்கும் பாதுகாப்பு, இரவில் தனியாகக் காலி ரயில் பெட்டியில் இருக்கும்போது இல்லை. அண்மைய ஆண்டுகளில் ஜெர்மனியின் சில ஊர்களில், 2024இல் பௌட்சனில் நடந்ததுபோல, ஊர்வலத்துக்கு எதிராகத் தீவிர வலதுசாரிகள் திரண்டிருக்கிறார்கள். பெர்லின் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் தனியாகத் திரும்புகிறவர்கள் கொடியையும் பட்டையையும் பைக்குள் வைத்துக்கொள்வதில் தவறில்லை. அங்கே வாழ்பவர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.

அவசரத்துக்குக் காவல்துறை 110, மருத்துவ உதவியும் தீயணைப்பும் 112. தன்பாலீர்ப்பாளர், திருநர் தொடர்பான புகார்களைக் கேட்பதற்கென்றே பெர்லின் காவல்துறையில் தனி அலுவலர்கள் உண்டு. மானேயோ என்ற அமைப்பு தாக்குதலுக்கு உள்ளான ஆண்களுக்கு ஆலோசனை தருகிறது. யாராவது கொடுக்கும் பானத்தை வாங்கிக் குடிக்காதீர்கள். உங்கள் குவளையை மேசையில் வைத்துவிட்டு ஆடப் போகாதீர்கள்.

10. ஊர் திரும்பிய பின்

வீட்டுக்கு வந்ததும் போர்டிங் பாஸ்களைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காக வந்த விதிப்படி, மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவர்கள், பாஸ்போர்ட்டில் போதிய காலம் மீதமிருந்தால், இரண்டு ஆண்டுக்குப் பல முறை நுழையும் விசாவுக்குத் தகுதி பெறுகிறார்கள். எல்லையில் முத்திரை குத்தும் பழக்கம் மறைந்து வருவதால், சென்று திரும்பியதற்கு நம் கையில் இருக்கும் சான்று அந்தச் சீட்டுகள்தான். நான் ஒரு பழைய பாஸ்போர்ட் உறைக்குள், பயன்படுத்தாமலே காலாவதியான 2024ஆம் ஆண்டு விசாவின் நகலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த விசா கணக்கில் சேராது.